இறக்கைமேல் எழுந்து நின்ற தகடு

ரிங்லெட்,
22 ஏப்ரல் 2024

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஈப்போ மாதிரி விமானக் குழுவின் கண்காட்சிக் கையேடு நேற்று என் கைக்கு வந்து சேர்ந்தது. தாள் நன்று. அச்சு நன்று. ஒன்பதாம் பக்கம் நன்றாயில்லை.

அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒளிப்படத்தைச் சென்ற டிசம்பரில் தாங்களே எனக்கு அனுப்பினீர்கள். பழைய ஆல்பம் ஒன்றிலிருந்து குழுவுக்குக் கிடைத்த படம் என்றும், போர்க்காலத்து ஜெர்மானிய விமானம் என்பதற்கு மேல் எவருக்கும் எதுவும் தெரியவில்லை என்றும், 'உன் கண்ணுக்கு என்ன படுகிறது, பார்' என்றும் எழுதியிருந்தீர்கள். ஏழு வாரம் பார்த்தேன். இறக்கையின் மேற்பரப்பில் ஒல்லியான தகடு ஒன்று எழுந்து நிற்பதைக் கண்டேன். வாலின் அடியில் கொக்கி ஒன்று தொங்குவதைக் கண்டேன். தரைத்தளத்துப் போர்விமானத்துக்கு இவ்விரண்டும் தேவையில்லை. ஆகவே இது விமானந்தாங்கிக் கப்பலுக்கென்றே செய்யப்பட்ட மெஸ்ஸர்ஷ்மிட் என்று மூன்று பக்கக் குறிப்பு எழுதி அனுப்பினேன். கட்டி முடிக்கப்படாமலே போன ஒரு கப்பலுக்காகச் செய்த எழுபது சொச்சம் விமானங்களில் இது ஒன்று என்பதையும் அக்குறிப்பில் விளக்கியிருந்தேன்.

கையேட்டிலே என் வாக்கியங்கள் அப்படியே இருக்கின்றன. காற்புள்ளிகூட இடம் மாறவில்லை. கீழே மட்டும், 'அடையாளம் கண்டவர்: பேராசிரியர் வேலப்பன், குழுத் தலைவர்' என்றிருக்கிறது. நான் இருபத்து மூன்றாம் பக்கத்தில், தேநீர் வழங்கியவருக்கும் நாற்காலி கொடுத்தவருக்கும் நடுவே, நன்றிக்குரியவளாக நிற்கிறேன்.

தங்கள் தொலைபேசி அழைப்பை நான் ஏற்கவில்லை என்பதைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். தங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். தொலைபேசியில் தாங்கள் சிரிப்பு மூட்டுவீர்கள். என் கோபம் கரைந்துவிடும். அது கரையக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

கண்காட்சி மேடையில் அப்படத்தருகே வைக்கப்போகும் அட்டையில் என் பெயர் இருக்க வேண்டும். இல்லையேல், மூன்று மாதமாக நான் செய்துவரும் அவ்விமானத்தின் மாதிரி மலையை விட்டு இறங்காது.

இவண்,
அன்பரசி
தேயிலைக் கொழுந்து வாட்டும் பிரிவு


ஈப்போ,
29 ஏப்ரல் 2024

தங்கச்சி அன்பரசிக்கு,

'மதிப்பிற்குரிய செயலாளர்' என்று ஆரம்பித்திருக்கிறாய். பிரிஞ்சாங்கில் நான் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த காலத்திலிருந்து பதினாறு வருடமாக உனக்கு நான் அண்ணன். உன் கடிதத்தை வாசித்ததும் கடையில் உட்கார்ந்தபடியே ஒரு நிமிடம் யார் இந்தச் செயலாளர் என்று தேடினேன்.

தப்பு என்னுடையதுதான், மறைக்கவில்லை. ஆனால் நடந்ததைக் கேள். மண்டபம் கிடைத்தது வேலப்பன் சாரின் பெயரால். பத்திரிகைக்காரர்கள் வருவதாகச் சொன்னதும் அவர் பெயரால். உன் குறிப்பை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது முதலில் அவர் தகட்டை ஏற்கவே இல்லை. இறக்கையின் தோல் பிய்ந்து நிற்கிறது, குண்டு பட்டிருக்கும் என்றார். கொக்கியைப் பார்த்த பிறகுதான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'இது கப்பல் கொக்கிதான்யா, சந்தேகமே இல்ல' என்றார். பிறகு எப்படியோ கையேடு அச்சுக்குப் போகிற அவசரத்தில் அவர் பெயரே கீழே வந்துவிட்டது. அவர் போடச் சொல்லவில்லை. எடுக்கவும் சொல்லவில்லை. நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

அவரிடம் போய் இதைக் கேட்க எனக்கு ஒரு தயக்கம். முப்பது வருடம் பொறியியல் சொல்லிக்கொடுத்தவர். நான் ரொட்டி சானாய் தட்டியவன். நீயோ, கோபித்துக்கொள்ளாதே, கொழுந்து வாட்டுகிறவள். உனக்கு அந்தத் தகடு எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? அதை எனக்கு விளங்குகிற மாதிரி எழுது. கேட்டுப் பார்க்கிறேன்.

மாதிரியை மட்டும் நிறுத்தாதே. நடு மேடை அதற்காகத்தான் காலியாக இருக்கிறது.

உன் அண்ணி ரம்லா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். என்னிடம் அவளும் மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. கையேட்டை அவளும் பார்த்துவிட்டாள்.

அண்ணன்,
அப்துல் முத்தலிப்


ரிங்லெட்,
4 மே 2024

முத்தலிப் அண்ணன் அவர்களுக்கு,

ரம்லா அண்ணியாருக்கு என் வணக்கத்தை முதலில் தெரிவிக்கவும்.

'கொழுந்து வாட்டுகிறவள்' என்றதற்கு நான் கோபித்துக்கொள்ளவில்லை. அதனால்தான் எனக்குத் தெரிந்தது. பேராசிரியர் கேட்டால் பின்வருமாறு சொல்லவும்.

எங்கள் ஃபேக்டரியின் மேல்மாடியில் நீளமான தொட்டிகள் இருக்கின்றன. தொட்டியின் நடுவே கம்பிவலை. வலையின்மேல் ஓரடி கனத்துக்குப் பச்சைக் கொழுந்து. அடியிலிருந்து விசிறி காற்றைத் தள்ளும். கொழுந்தின் ஈரம் அதனால் வற்றும். காற்று அளவு மீறினால் கொழுந்துப் பரப்பு மெத்தைபோல் மேலெழும்பி மிதக்கும். அப்போது நான் பக்கவாட்டுத் தகட்டைத் திறப்பேன். காற்றின் ஓட்டம் கெடும். மிதந்த கொழுந்து அந்தக் கணமே அமரும். இருபத்தாறு ஆண்டுகளாக நாளொன்றுக்கு இருபது முறையேனும் இதைச் செய்கிறேன்.

விமானத்தையும் காற்றே தாங்குகிறது. கப்பலின் தளம் குறுகியது. இறங்கும் விமானம் மிதந்துகொண்டே போனால் மறுமுனையில் கடல்தான். ஆகவே தளத்தைத் தொடவேண்டிய நேரத்தில் இறக்கைமேல் ஒரு தகடு எழுந்து, தாங்கும் காற்றைக் கெடுத்து, விமானத்தை உட்காரவைக்க வேண்டும். படத்தைப் பார்த்த முதல் நாளே என் கை அந்தத் தகட்டை அறிந்துகொண்டது. ஆனால் கையறிந்தது சான்றாகாது. எனவே நூல்களைத் தேடினேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஆங்கில நூல் இரண்டும் ஜெர்மன் கட்டுரை ஒன்றும் படித்தேன். இந்த வகை விமானத்துக்கு அத்தகைய தகடு உண்டென்று மூன்றும் சொல்கின்றன.

குண்டு பட்டுப் பிய்ந்த தகடு கோணலாக நிற்கும். இது வெட்டிவைத்ததுபோல் நேராக நிற்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அடியில் மூன்று கீல்கள் தெரிகின்றன. பேராசிரியர் தம் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்க்கட்டும்.

அவர் போடச் சொல்லவில்லை, எடுக்கவும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தங்களையும் அவ்வாறே சொல்லலாம் என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன்.

அன்பரசி


ஈப்போ,
13 மே 2024

தங்கச்சிக்கு,

உன் கடைசி வரி என்னை வேலப்பன் சார் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

தொட்டியைப் பற்றி நீ எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் சொன்னார்: 'பாய், நல்லா எழுதுறாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா கார்டுல தேயிலை ஃபேக்டரி அம்மா கண்டுபிடிச்சாங்கன்னு போட்டா வர்றவன் சிரிப்பான்லா.'

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. 'சார், சிரிக்கிறவன் சிரிக்கட்டும். அந்தம்மா மாடல் தரலன்னா நடு மேடையில உங்களைத்தான் நிக்க வைக்கணும்' என்று சொல்லிவிட்டேன்.

சிரித்துவிட்டார். நல்ல மனுஷன்தான், தலைவராக இருந்து பழகிவிட்டது. கீல் என்று நீ சொல்வது படத்தின் புள்ளிகளாகவும் இருக்கலாம் என்று தகட்டைப் பற்றி இன்னும் முனகுகிறார். கொக்கியைப் பற்றி ஒரு முனகலும் இல்லை. 'கொக்கி இருக்கிற வரைக்கும் இது கப்பல் விமானம். கொக்கியை நம்பித்தான் தகட்டையும் ஒத்துக்கிறேன்' என்றார். உன் பெயரைப் போடச் சம்மதித்தார்.

அட்டை நேற்றே அச்சாகிவிட்டது. 'இறக்கைத் தகடு, வால் கொக்கி: இரண்டையும் அடையாளம் கண்டவர் ரிங்லெட் அன்பரசி.' தடித்த எழுத்து. ரம்லா அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மீன் குழம்பு ஊற்றினாள்.

கண்காட்சி ஜூன் 8, சனிக்கிழமை. மாதிரியை மாத முடிவுக்குள் அனுப்பிவிடு.

அண்ணன்


ரிங்லெட்,
24 மே 2024

அன்பு அண்ணன் அவர்களுக்கு,

தாங்கள் எனக்காகப் பேசியதை வாசித்து நெடுநேரம் மகிழ்ந்திருந்தேன். அம்மகிழ்ச்சியைக் கெடுக்கும் செய்தியை இப்போது எழுதுகிறேன்.

கொக்கி தவறு.

மாதிரியில் எல்லாம் முடிந்து கொக்கி மட்டும் எஞ்சியிருந்தது. படத்தில் உள்ளபடியே, பால் டின்னின் தகரத்தை வெட்டி வளைத்து வாலடியில் பொருத்தினேன். பொருத்தியது வேலை செய்கிறதா என்று பார்க்காமல் எதையும் அனுப்பும் பழக்கம் எனக்கில்லை. மேசையில் இரண்டு ஆணி அடித்து, இடையே தையல் நூலைக் கட்டி, இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தக் கப்பல் தளத்தின் குறுக்கே கட்டும் வடமாக அதைப் பாவித்து, மாதிரியை முன்னோக்கி உருட்டினேன். கொக்கி நூலைத் தாண்டிப் போயிற்று. மறுபடி உருட்டினேன். மறுபடியும் வழுக்கியது. மூன்றாம் முறை மெதுவாக உருட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. கொக்கியின் வாய் பின்பக்கம் திறந்திருக்கிறது. முன்னே ஓடும் விமானம் எதையாவது பிடிக்க வேண்டுமானால் வாய் முன்பக்கம் இருக்க வேண்டும். குழந்தைக்கும் விளங்கும் செய்தி. ஐந்து மாதம் எனக்கு விளங்கவில்லை.

படத்தை மீண்டும் எடுத்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கொக்கியிலிருந்து ஒரு கோடு தரைக்குப் போகிறது. கீறல் என்று நான் எண்ணியிருந்த அது, கயிறு. கயிறு முடியும் இடத்தில் புல்லோடு புல்லாகத் தரையில் அடித்த ஒரு முளை. காற்றில் விமானம் நகராமல் தரையோடு கட்டிவைத்திருக்கிறார்கள். அது விமானத்தின் உறுப்பே அன்று, கட்டுக்கயிற்றின் கொக்கி.

ஏன் தவறினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் சிறுமியாயிருந்தபோது மேல்மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளைக் கம்பிவடத்தில் விட்டு ஃபேக்டரிக்கு இறக்குவார்கள். ஓடிவரும் மூட்டையைக் கீழே ஒரு கொக்கிதான் பிடித்து நிறுத்தும். கொக்கி என்றால் ஓடுவதை நிறுத்துவது என்று என் கண் பழகிவிட்டது. நிற்பதைக் கட்டிவைக்கவும் கொக்கி உண்டு என்பதை அது பார்க்க மறுத்தது. தகட்டை எனக்குக் காட்டிக்கொடுத்த அதே எஸ்டேட், கொக்கியில் என்னை ஏமாற்றிவிட்டது.

அட்டையைத் திருத்த வேண்டும்.

அன்பரசி


ஈப்போ,
30 மே 2024

அன்பரசிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். பிறகு கடைக் கதவைச் சாத்திவிட்டு மூன்றாம் முறை வாசித்தேன்.

தங்கச்சி, கெஞ்சிக் கேட்கிறேன், இதை இப்போது கிளப்பாதே. வேலப்பன் சார் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? கொக்கியை நம்பித்தான் அவர் தகட்டை ஒத்துக்கொண்டார். கொக்கி போனால் தகடும் போகும். தகடு போனால் உன் பெயர் போகும். நாலு மாத வேலை, அந்தப் படிப்பு, நான் அவர் வீட்டு வாசலில் நின்றது எல்லாம் போகும். 'அதான் சொன்னேனே பாய்' என்று அவர் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போதே தெரிகிறது.

யாருக்குத் தெரியப் போகிறது? கண்காட்சிக்கு வருகிறவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், படம் எடுப்பார்கள், போவார்கள். கொக்கியின் வாய் எந்தப் பக்கம் என்று குனிந்து பார்க்க ஈப்போவில் எவனுக்கு நேரம்? நீ வாயைத் திறக்காவிட்டால் ஒருவரும் திறக்க மாட்டார்கள். அடுத்த வருடம் சாவகாசமாக ஒரு குறிப்பு எழுதி வெளியிடுவோம்.

அதுவும் பிடிக்கவில்லை என்றால் ஒருவர் பெயரும் வேண்டாம். 'அடையாளம்: குழு' என்று போட்டுவிடுகிறேன். தவறு வந்தால் எல்லாருக்கும் பங்கு.

இதை ரம்லாவிடம் சொன்னேன். அவள் முறத்தை விட்டுத் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: 'அவ செஞ்ச கொக்கி நூலைப் புடிக்கல. அதுக்கு மேல அவ எப்படிச் சும்மா இருப்பா? நீங்க பதினாறு வருஷமா யாருக்குக் காப்பி போட்டீங்க?'

எனக்கு வீட்டிலும் ஆதரவு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். சும்மா இரு, தங்கச்சி.

அண்ணன்


ரிங்லெட்,
6 ஜூன் 2024

அன்பு அண்ணன் அவர்களுக்கு,

இக்கடிதம் மாதிரி வரும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆண்டியப்பன் காய்கறி லோரியில், முட்டைக்கோஸ் கூடைகளுக்கு மேலே, தாப்பா வழியாகக் கொண்டுவந்து சேர்ப்பார். 'ஆடாம ஓட்டுறேன்க்கா, கவலைப்படாதீங்க' என்றார். கவலைப்பட்டுக்கொண்டுதான் ஏற்றிவிட்டேன்.

கொக்கியைக் கழற்றிவிட்டேன். அது இருந்த துளையை அடைக்கவில்லை. பார்ப்பவர் கேட்கட்டும்.

தாங்கள் கூறிய வழிகளைச் சீர்தூக்கிப் பார்த்தேன். சும்மா இருக்க எனக்குத் தெரியாது. 'குழு' என்று போடுவதோ அதனினும் கீழானது. என் சரியை ஒருவர் எடுத்துக்கொண்டபோது எனக்குக் கோபம் வந்தது. என் தவறை இருபது பேர்மீது போட்டுவிட்டு நான் நடுவில் ஒளிந்துகொண்டால், அக்கோபத்துக்கு எனக்கு என்ன உரிமை இருந்தது? சரிக்கு மட்டும் பெயர் கேட்பவள் அல்லள் நான்.

கொக்கி போனால் தகடும் போகும் என்கிறீர்கள். போகாது. அந்த விமானங்கள் கப்பலைக் காணவேயில்லை. அவற்றில் பலவற்றைக் கொக்கி முதலானவற்றைக் கழற்றிவிட்டு, தகட்டை மட்டும் விட்டுவைத்து, நார்வே நாட்டின் குறுகிய ஓடுதளங்களுக்கு அனுப்பினார்கள். அங்கே பக்கக்காற்று கடுமை என்று நூல்கள் சொல்கின்றன. படத்தில் விமானத்தைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். ஏன்? காற்று அவ்வளவு பலம். பலத்த காற்றில் நிற்கும் விமானத்தின் இறக்கை, மிதக்கும் கொழுந்துபோல் எழும்பப் பார்க்கும். அதை அமர்த்தத்தான் தகட்டை உயர்த்தி வைத்திருக்கிறார்கள் என்று இப்போது கருதுகிறேன். அதை இறுதியாக மெய்ப்பிக்க என்னால் இயலாது; ஆனால் நான் கொக்கி என்று நினைத்துக் கொண்டாடியது என் பக்கம் பேசவில்லை, நான் கீறல் என்று தள்ளிய கயிறுதான் என் பக்கம் பேசுகிறது.

'கொக்கியில் தவறிய கண் தகட்டிலும் தவறியிருக்கலாமே' என்று பேராசிரியர் கேட்பார். கேட்கட்டும். தவறியிருந்தால் அதையும் நானே கண்டுபிடிப்பேன். அதற்குக் கீழும் என் பெயரையே எழுதுவேன்.

அட்டையை நானே எழுதிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கையெழுத்து அச்சைவிடத் தெளிவு. அச்சடித்த அட்டையை எடுத்துவிட்டு இதை வைக்கவும். சனிக்கிழமை காலைப் பேருந்தில் வருவேன். ஞாயிறு எனக்கு வேலை நாள், ஆகவே மூன்று மணிப் பேருந்தில் திரும்ப வேண்டும். அதுவரை அட்டையருகே நிற்பேன். அதை எடுக்க நினைப்பவர் என் கண்ணெதிரே எடுக்கட்டும்.

அன்பரசி


ஈப்போ,
9 ஜூன் 2024

தங்கச்சிக்கு,

நீ பேருந்துக்குக் கிளம்பிப் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை, வேலப்பன் சார் வந்தார். பத்திரிகைக்காரர்களை வெளியே வரவேற்றுக்கொண்டிருந்ததால் அவர் அதுவரை உள்ளே வரவில்லை. அல்லது நீ போகட்டும் என்று காத்திருந்தாரோ என்னவோ.

நேரே நடு மேடைக்கு வந்தார். உன் அட்டையைப் பார்த்தார். பக்கத்தில் பத்திரிகைக்காரர் ஒருவர், ஒரு குடும்பம், நான். உன் கையெழுத்தைச் சத்தமாக வாசித்தார்:

'இறக்கைமேல் நிற்பது காற்றைக் கெடுக்கும் தகடு. கண்டவர் அன்பரசி. வாலடியில் இருப்பது கப்பல் கொக்கி என்று குழுவின் கையேட்டில் எழுதப்பட்டுள்ளது. அது தவறு, கட்டுக்கயிற்றின் கொக்கி. தவறாக எழுதியவர் அன்பரசி. திருத்தியவரும் அவரே.'

அந்தப் பத்திரிகைக்காரர் விடவில்லை. 'சார், புக்ல உங்க பேரு இருக்கே, அப்ப தப்பு யாரோடது?' என்று கேட்டுவிட்டார்.

வேலப்பன் சார் பதில் சொல்ல நேரம் எடுத்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார், துடைத்தார். படத்தருகே போய்க் குனிந்து கயிற்றைப் பார்த்தார், முளையைப் பார்த்தார், பிறகு தகட்டைப் பார்த்தார். கடைசியில் நிமிர்ந்து, 'அட்டையில எழுதியிருக்கிறதுதான். கையேட்டுல என் பேரு வந்ததுதான் தப்பு' என்றார். அவ்வளவுதான். வேறு விளக்கம் இல்லை.

எல்லாரும் போன பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை: 'பாய், தகட்டை நான் இன்னும் ஒத்துக்கல. கயிறு இருக்குன்னா தகடு அதுக்குத்தான்னு ஆகிடாது. ஆனா அந்த அட்டையை எவனும் தொடக் கூடாது. கொக்கியை நூல் கட்டிச் சோதிச்சாங்களாமே. தகட்டைச் சோதிக்க அந்தம்மாகிட்ட ஏதாவது இருக்கான்னு கேளு. இருந்தா நானே மலைக்கு வர்றேன்.'

கேட்டுவிட்டேன். இருக்கிறதா?

அண்ணன்


ரிங்லெட்,
13 ஜூன் 2024

அன்பு அண்ணன் அவர்களுக்கு,

இருக்கிறது.

தொட்டியின் விசிறியையும், தகட்டோடு நான் தனியே செய்து வைத்துள்ள நான்கடி இறக்கை ஒன்றையும் கொண்டு அதைக் காட்டுவேன். தகடு மடங்கியிருக்கும்போது ஒரு முறை, நிமிர்ந்திருக்கும்போது ஒரு முறை, பேராசிரியர் தம் கையாலேயே இறக்கையைப் பிடித்துப் பார்க்கட்டும். படத்தில் இருப்பது அந்தத் தகடுதானா என்பதை இச்சோதனை முடிவு செய்யாது. அதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவும். நிமிர்ந்த தகடு என்ன செய்யும் என்பதை மட்டும் இது சொல்லும். அதன்பின் கீல்களைப் பற்றிப் பேசுவோம். நான் தோற்றால் புதிய அட்டை எழுதத் தாள் இருக்கிறது.

ஃபேக்டரி மேனேஜரிடம் அனுமதி பெற்றுவிட்டேன். ஜூன் 24, திங்கட்கிழமை, காலை எட்டு மணி. முதல் கொழுந்து வந்து இறங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் தொட்டி நமக்கு.

பேராசிரியரிடம் ஒன்று மட்டும் தெரிவிக்கவும். மேல்மாடிக்கு வருபவர் எவராயினும் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கீழே கழற்றி வைத்துவிட்டு, காலணியை மாற்றிக்கொண்டு, தலைக்கு வலைத் தொப்பி அணிந்துதான் வர வேண்டும். தலைவர்களுக்கெனத் தனித் தொப்பி இல்லை. அவருடைய தலையளவைக் கேட்டு எழுதவும். பெரியது ஒன்றை எடுத்து வைக்கிறேன்.

அன்பரசி